தீம் பார்க் சுற்றுலாவில் இயற்பியலும் கணக்கும்: பிள்ளைகள் உண்மையில் ஏதாவது கற்கிறார்களா?

6 ஜனவரி. கேள்வி (ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் தந்தை எழுதியது)

மகளின் பள்ளியிலிருந்து "அறிவியல், கணிதக் களப்பயணம்" என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. போகும் இடம் தீம் பார்க். பஸ், நுழைவுச்சீட்டு, சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கேட்கும் தொகை எங்கள் வீட்டுக்குச் சிறியதன்று. விளையாட அழைத்துப் போகிறோம் என்று நேராகச் சொன்னால் அனுப்பிவிடுவேன். ராட்டினத்தில் ஏறி இறங்குவதற்கு எதற்கு அறிவியல் என்ற பெயர்? அந்தப் பணத்துக்குக் கோளரங்கம் போகலாமே? ஆசிரியர்கள் யாராவது மனம்விட்டுப் பதில் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு

மதுரை மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறேன். ஐயா, உங்கள் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. காலையில் வாசலில் இறக்கிவிட்டு, மாலையில் தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு வரும் களப்பயணங்களைப் பார்த்திருக்கிறேன். திரும்பும் வழியில் நாற்பது கேள்விகள் அச்சிட்ட தாள் பஸ்ஸில் கை மாறும். "ரோலர் கோஸ்டரில் எந்த ஆற்றல் எந்த ஆற்றலாக மாறுகிறது?" இதற்கு விடை எழுத வீட்டைவிட்டே கிளம்ப வேண்டியதில்லை. முன்னிருக்கையில் ஒருவன் எழுதுவான். பின்னிருக்கை வரை அதுவே நகலாகிப் போகும்.

ஆனாலும் கோளரங்கத்தையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். கோளரங்கத்தில் பிள்ளை பார்க்கிறது. இங்கே விசை அதன் உடம்பின்மீதே இறங்குகிறது. பத்தாம் வகுப்பில் தோற்ற எடையை, அதாவது நமக்கு இருப்பதாக உணரும் எடையை, லிஃப்ட் படம் வரைந்து நடத்துகிறோம். என் வகுப்பில் லிஃப்டில் ஏறிய பிள்ளைகள் குறைவு. ஊஞ்சல் போல ஆடும் கொலம்பஸ் படகில் ஏறாத பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என்னுடைய நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏறுவதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எண்ணை எழுதி வைக்க வேண்டும். அடியில் போகும்போது என் எடை எத்தனை கிலோவாகத் தெரியும்? இது ஒருமுறை ஆடித் திரும்ப எத்தனை வினாடி ஆகும்? எழுதாமல் ஏறினால் கத்திவிட்டு இறங்குவார்கள், அவ்வளவுதான்.

7 ஜனவரி

எண்ணை எழுது என்றால் எங்கிருந்து எழுதுவது என்று கேட்டிருக்கிறார்கள். கொலம்பஸையே எடுத்துக்கொள்வோம்.

படகு நிலைக்குத்துக் கோட்டிலிருந்து 60 பாகை வரை ஏறி நின்று திரும்புகிறது என்று கொள்ளுங்கள். 60 பாகையின் கொசைன் மதிப்பு பாதி. எனவே படகு ஏறிய உயரம், அது தொங்கும் கையின் நீளத்தில் பாதி. அந்த உயரத்திலிருந்து இறங்கினால் அடியில் வேகத்தின் வர்க்கம், ஈர்ப்பு முடுக்கத்தையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் வருவது. மையநோக்கு முடுக்கம், அதாவது படகை வட்டப்பாதையில் வளைத்துப் பிடிக்கும் முடுக்கம், வேண்டுமானால் இதை நீளத்தால் வகுக்க வேண்டும். வகுத்தவுடன் நீளம் அடிபட்டுப் போகிறது! மிஞ்சுவது ஈர்ப்பு முடுக்கம் மட்டும். இருக்கை பிள்ளையின் எடையையும் தாங்க வேண்டும், அதே அளவு இன்னொரு பங்கு விசையையும் கொடுக்க வேண்டும். 40 கிலோ பிள்ளை அடியில் 80 கிலோவாக உணரும். உச்சியில் ஒரு கணம் நிற்கும்போது 20 கிலோ.

படகு பெரிதோ சிறிதோ, விடை மாறாது. கோணம் ஒன்றுதான் தீர்மானிக்கிறது. 90 பாகை வரை போகும் ஊஞ்சல் என்றால் அடியில் மூன்று மடங்கு. கரும்பலகையில் நீளம் அடிபடுகிற இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். "அப்படியானால் நம் பள்ளி ஊஞ்சலிலும் இதேதானா, சார்?" என்ற கேள்வி எப்படியும் வரும். ஆமாம், அதேதான். பூங்காவுக்குப் போகும் முன்பே பள்ளி ஊஞ்சலில் ஒத்திகை பார்த்துவிடலாம்.

9 ஜனவரி

போன் எடுத்துப் போகலாமா என்று கேட்டவருக்கு: முடுக்கத்தை அளக்கும் உணரி இப்போதைய ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது. ஜெர்மனியின் ஆஹன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் செயலி இலவசம். அந்த உணரி தரும் எண்ணை அப்படியே வரைபடமாக்கிக் காட்டும். மேசையில் கிடக்கும்போது 9.8 காட்டும். தலையணைமேல் விழவிட்டால், விழும் நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டி வரும். இந்தச் சோதனையை வகுப்பிலேயே செய்து காட்டிவிடுங்கள். மாணவர்கள் எதிர்பார்ப்பது இதற்கு நேர்மாறு. விவாதம் ஒரு பாடவேளை முழுக்க ஓடும்.

பூங்காவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவே கூடாது. நழுவினால் கீழே நிற்பவர் தலை. ஜிப் வைத்த இடுப்புப் பையில், இயக்குபவர் அனுமதி கொடுத்தால் மட்டும். கொடுக்கவில்லையென்றால் வாதாட வேண்டாம், கீழே நின்று அளக்க ஏராளம் இருக்கிறது.

11 ஜனவரி

கீழே நிற்பது என்று எழுதியதிலிருந்து அதே நினைவாக இருக்கிறது. சுற்றுலாவைப் பற்றிப் பேசும்போது யாரும் இதைப் பேசுவதில்லை. ஏறாத பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. பயம், வாந்தி, மாதவிடாய் நாள், காலில் காலிப்பர், இதயக் கோளாறு, உயரம் போதாமை. இவர்களை ஒரு மரத்தடியில் பைகளுக்குக் காவல் வைக்கிறோம். களப்பயணத்தின் பெரிய அநியாயம் இது.

என் குழுக்களில் கீழே நிற்பவர் பதவியைத்தான் முதலில் நிரப்புவேன். நிறுத்துக் கடிகாரம், கோணமானி, குறிப்பேடு மூன்றும் அவரிடம். ஏறியவர்கள் இறங்கி வந்து அவரிடம்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி இப்படிக் கொலம்பஸ் அருகில் நின்றாள். அலைவு நேரத்தை, அதாவது ஒருமுறை ஆடித் திரும்ப ஆகும் நேரத்தை, அளப்பது அவள் வேலை. படகு மெல்ல ஆடத் தொடங்கும்போது ஐந்து ஆட்டத்துக்கு 28 வினாடி வந்தது. வீச்சு கூடி, படகு முழு உயரத்துக்கு ஆடும்போது ஐந்து ஆட்டத்துக்கு 30 வினாடியைத் தாண்டியது. மறுபடி அளந்தாள், அப்படியே வந்தது. "சார், வீச்சு மாறினாலும் தனி ஊசலின் அலைவு நேரம் மாறாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இது மாறுகிறது" என்று குறிப்பேட்டை நீட்டினாள்.

அன்றைக்குப் பூங்காவில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி வேறெந்த ராட்டினத்திலும் கிடைத்திருக்காது. மாறாது என்ற விதி சிறிய கோணங்களுக்கானது. கலிலியோ எல்லா வீச்சுக்கும் பொருந்தும் என்றே கருதினார். வட்டப்பாதையில் ஆடும் ஊசலுக்கு அது பொருந்தாது என்பதையும், சைக்ளாய்டு வளைவில் (உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைவு அது) ஆடினால் பொருந்தும் என்பதையும் 17ஆம் நூற்றாண்டில் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் காட்டினார். 60 பாகை வீச்சில் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். 28-உடன் 7 சதவீதம் சேர்த்துப் பாருங்கள். 30 வருகிறது.

ஏறியவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. கவனிக்க முடியாது, அவர்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

12 ஜனவரி

சிறு கணக்கு, மேலே விட்டுப் போனது. 28 வினாடியை ஐந்தால் வகுத்தால் 5.6. இதைத் தனி ஊசல் சூத்திரத்தில் போட்டால் நீளம் 8 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். படகின் நிறை ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை என்பதால் இது தோராயமே. ஆனால் நாடாவைத் தொடாமல், நிறுத்துக் கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் இயந்திரத்தின் அளவைச் சொல்லிவிடுகிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது மந்திரமாகத் தெரியும், தெரியட்டும்.

16 ஜனவரி

பொங்கலுக்கு வந்த மறுப்புகளில் ஒன்று வலுவானது. கொலம்பஸ் தானாக ஆடுவதில்லை. அடியில் ரப்பர் டயர் ஒன்று சுழன்று படகின் வயிற்றைத் தேய்த்துத் தள்ளுகிறது, ஆகவே அந்த 7 சதவீதம் டயரின் வேலையாக இருக்கலாம் என்று ஒரு பொறியாளர் எழுதியிருக்கிறார். டயர் இருப்பது உண்மை. ஆட்டத்தின் தாளத்துக்கு இசைவாகத் தள்ளுவதால்தான் சிறிய மோட்டார் அவ்வளவு பெரிய படகைத் தூக்க முடிகிறது. ஒத்ததிர்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அந்தச் சந்தேகம் எங்களுக்கும் வந்தது. எனவே வகுப்புக்குத் திரும்பியதும் ஒரு மீட்டர் நூலில் கனமான நட் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டோம். சிறிய வீச்சில் பத்து ஆட்டத்துக்கு 20 வினாடி. 60 பாகையிலிருந்து விட்டால் ஒரு வினாடிக்கு மேல் கூடுதல். வீச்சு ஆட ஆடக் குறைவதால் முழு 7 சதவீதம் வராது. அங்கே டயர் இல்லை. கொலம்பஸில் டயரின் பங்கு கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கோணத்தின் பங்கு நிச்சயம் இருக்கிறது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். பூங்காவில் எழுந்த சந்தேகத்தை நூலும் நட்டும் வைத்துப் பள்ளியில் தீர்த்தோம் அல்லவா, சுற்றுலா என்று நான் கேட்பது அந்த இரண்டு நாளையும் சேர்த்துத்தான்.

19 ஜனவரி

"படகின் ஓரத்தில் உட்கார்ந்தால் மட்டும் வயிற்றைக் கலக்குகிறதே, உங்கள் கணக்கில் எல்லோருக்கும் ஒரே எடைதானே வருகிறது?" நல்ல கேள்வி. 7ஆம் தேதி போட்ட கணக்கு நடு வரிசைக்கானது. படகின் நடுப்பகுதி 60 பாகையில் நிற்கும்போது, மேலேறிய ஓர வரிசை அதற்கு அப்பால் இன்னும் இருபது பாகைக்கு மேல் தள்ளி இருக்கும். கையின் திசையில் அந்த வரிசையில் இருப்பவருக்குக் கிடைக்கும் ஈர்ப்பின் பங்கு, கோணம் 90-ஐ நெருங்க நெருங்கப் பூஜ்யத்தை நெருங்கும். நடுவில் இருப்பவருக்குப் பாதி எடை மிஞ்சும்போது ஓரத்தில் இருப்பவருக்கு ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது. துணிந்த பிள்ளைகள் ஓரத்துக்கு ஓடுவதற்கு இதுதான் காரணம்.

20 ஜனவரி

ராட்டினத்துக்கு இணையாக வரிசையிலும் கணிதம் இருக்கிறது. ஒரு நாளின் பெரும்பகுதி அங்கேதான் போகிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. 24 இருக்கை, ஒரு சுற்றுக்கு ஏற்றி இறக்குவது உட்பட 3 நிமிடம். மணிக்கு 480 பேர். உனக்கு முன்னால் 120 பேர் நின்றால் 15 நிமிடம். பாதுகாப்புப் பட்டையைச் சரிபார்ப்பதில் ஒரு நிமிடம் கூடினால் அதே 120 பேருக்கு 20 நிமிடம். ஆறாம் வகுப்பு விகிதக் கணக்கு இவ்வளவுதான். முன்கணிப்பை எழுதிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும் சலிப்பும் போகும், முண்டியடிப்பதும் குறையும்.

27 ஜனவரி

ரங்கராட்டினம், அதாவது ஜெயண்ட் வீல், மெதுவாகச் சுற்றுவதால் அதில் இயற்பியல் இல்லை என்று ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். மெதுவாகச் சுற்றுவதுதான் அதன் சிறப்பு, அளக்க நேரம் கிடைக்கிறது. ஆரம் 10 மீட்டர், ஒரு சுற்றுக்கு 20 வினாடி என்றால் மையநோக்கு முடுக்கம் கிட்டத்தட்ட 1 மீட்டர்/வினாடி². ஈர்ப்பில் பத்தில் ஒரு பங்கு. சுருள்வில் தராசில் அரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் தொங்கவிட்டு, பெட்டிக்குள்ளேயே மடிக்குமேல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். உச்சியில் 450 கிராம், அடியில் 550 கிராம். முள் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம்.

முக்கோணவியலும் இங்கேயே. பத்தாம் வகுப்பின் ஏற்றக் கோணம் பாடத்தில் கலங்கரை விளக்கமும் கோபுரமும் புத்தகத்திலேயே நின்றுவிடுகின்றன. கோணமானியில் நூல் கட்டி, உறிஞ்சுகுழலை ஒட்டி, சக்கரத்தின் உச்சியைப் பார்க்கச் சொல்லுங்கள். தூரத்தை எட்டு வைத்து அளக்கட்டும். பிறகு சுற்றளவுக்கும் ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ள இடைவெளிக்கும் ஒத்துப் போகிறதா என்று அவர்களே சரிபார்ப்பார்கள். 1893-இல் சிகாகோ கண்காட்சியில் ஃபெர்ரிஸ் கட்டிய முதல் ராட்சதச் சக்கரம் சுமார் 80 மீட்டர் உயரம், 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர். ஒரே நேரத்தில் 2,160 பேர்! இதை வகுப்பில் சொல்லிப் பெருக்கச் சொன்னால் நம்பாமல் இரண்டு முறை பெருக்குகிறார்கள்.

3 பிப்ரவரி

ரோலர் கோஸ்டர் வளையம் ஏன் சரியான வட்டமாக இல்லை, கண்ணீர்த்துளி வடிவில் இருக்கிறதே? பதினொன்றாம் வகுப்பு மாணவர் கேட்டது. உன் பாடப்புத்தகத்திலேயே விடை இருக்கிறது, தம்பி. செங்குத்து வட்ட இயக்கம். உச்சியில் விழாமல் கடக்கக் குறைந்தபட்ச வேகம் வேண்டும். அதே வேகக் கணக்கை அடிக்குக் கொண்டுவந்தால், மையநோக்கு முடுக்கம் ஈர்ப்பைப் போல ஐந்து மடங்கு. சொந்த எடையையும் சேர்த்தால் ஆறு மடங்கு. ஆரம் எதுவானாலும் ஆறு. வளையத்துக்குள் நுழையும் நொடியில் இது திடீரென்று கழுத்தில் இறங்கும். நியூயார்க்கின் கோனி தீவில் 1895-இல் வட்ட வளையம் கட்டிப் பார்த்தார்கள். ஏறியவர்களுக்குக் கழுத்து வலிதான் மிச்சம். 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில், ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைத்த வளையம் அடியில் பெரிய ஆரமும் உச்சியில் சிறிய ஆரமும் கொண்டது. வளைவு படிப்படியாக இறுகும். ரயில் பாதை நேர்கோட்டிலிருந்து வளைவுக்குள் போகும்போதும் இதே இனத்து வளைவைத்தான் போடுகிறார்கள்.

4 பிப்ரவரி

இதெல்லாம் நம் ஊர்க் கற்பனை என்று நினைப்பவர்களுக்காக ஒரு வரி. அமெரிக்காவில் 1970-களின் இறுதியிலிருந்தே பூங்காக்களில் "இயற்பியல் நாள்" நடத்துகிறார்கள். சுவீடனில் கோத்தன்பர்க் நகரின் லீசெபெர்க் பூங்காவில் ஆன்-மரீ பெண்ட்ரில் என்ற இயற்பியலாளர் பல ஆண்டுகளாக மாணவர்களோடு இதைச் செய்து, கட்டுரைகளாகவும் எழுதியிருக்கிறார். அவர் பிள்ளைகளிடம் கொடுக்கும் கருவிகளில் ஒன்று சுருள்கம்பிப் பொம்மை. அது நீளுவதைப் பார்த்தே விசையைச் சொல்லிவிடலாம். விலை உயர்ந்த கருவி இல்லை என்று சொல்லி இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

10 பிப்ரவரி

பணம். இழையின் முதல் கேள்வியே அதுதான், நான் ஊசலில் ஏறிக்கொண்டு அதைத் தள்ளிப்போட்டுவிட்டேன் என்று ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது: தொகை கட்ட முடியாத பிள்ளைகள் அன்றைக்குப் பள்ளிக்கு வந்து காலி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கு என் பதில் தெளிவானது. பாதி வகுப்பு மட்டும் போகும் பயணத்துக்கு அறிவியல் களப்பயணம் என்று பெயர் வைக்கக் கூடாது. அந்தப் பெயர் வைத்தால் அது பாடம். பாடம் எல்லோருக்கும் பொது. நிதி திரட்ட முடிந்தால் திரட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போங்கள். முடியவில்லையா, ஊர்த் திருவிழாத் திடலுக்கு நடத்திக்கொண்டு போங்கள். குடைராட்டினம், கொலம்பஸ், டாஷிங் கார், எல்லாம் அங்கே இருக்கிறது. டாஷிங் காரில் ஏறாமலேயே மின்சுற்றை நடத்தலாம்: கம்பத்தின் உச்சி கூரை வலையைத் தொடுகிறது, அடிப்பாகம் இரும்புத் தரையைத் தொடுகிறது, இரண்டுக்கும் நடுவே மோட்டார். சுற்றிலும் ரப்பர் வளையம் ஏன் என்று கேளுங்கள். மோதல் நேரத்தை நீட்டினால் விசை குறையும் என்பதைத் தாங்களே சொல்வார்கள்.

சுற்றும் நாற்காலி ராட்டினத்தில் காலி நாற்காலியையும் ஆள் உட்கார்ந்த நாற்காலியையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு சங்கிலியும் ஒரே சாய்வில் பறக்கும். நிறை அங்கேயும் அடிபட்டுப் போகிறது. சுற்றும் ஆரம் 8 மீட்டர், சுற்றுக்கு 6 வினாடி என்றால் சாய்வு சுமார் 42 பாகை. வெளியே நின்று படம் எடுத்துக் கோணமானியை வைத்துப் பார்த்தால் போதும், டிக்கெட்டே வேண்டாம்.

24 ஏப்ரல்

சித்திரை மாதம், எங்கள் பக்கத்துத் திருவிழாத் திடலில் மரணக் கிணறு, அதாவது செங்குத்துப் பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் காட்சி, போட்டிருந்தார்கள். மேலே எழுதியபடி மாணவர்களை அழைத்துப் போனேன். போகும் முன் கணக்கு: கிணற்றின் ஆரம் 4.5 மீட்டர், டயருக்கும் பலகைக்கும் உராய்வுக் குணகம் (வழுக்காமல் எவ்வளவு பிடிக்கும் என்பதைக் காட்டும் எண்) 0.8 என்று கொண்டால், நழுவாமல் இருக்க வேண்டிய வேகம் மணிக்கு 27 கிலோமீட்டர்தான். வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. நூறு என்றும் நூற்றிருபது என்றும் எழுதி வைத்திருந்தார்கள்.

வெளிச்சுற்றை எட்டு வைத்து அளந்தோம், ஆரம் பொருந்தியது. மேல்விளிம்பில் நின்று சுற்று நேரத்தை எடுத்தார்கள், ஒரு சுற்றுக்கு 2.6 வினாடி. வேகம் மணிக்கு ஏறத்தாழ 39 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு உராய்வுக் குணகம் 0.37 இருந்தாலே வண்டி நிற்கும். வண்டி ஓட்டுபவர் பிழைக்க இரண்டு மடங்குக்கு மேல் இடம் வைத்து ஓட்டுகிறார். காட்சி முடிந்ததும் ஒரு பையன் அவரிடமே போய் 39 என்றான். அவர் வண்டியில் வேகமானி கிடையாது. கணக்கைக் காட்டச் சொல்லி, குறிப்பேட்டை வாங்கி நின்று பார்த்தார். ஓட்டும்போது எடை ஏறக்குறைய மூன்று மடங்காகிவிடுகிறது என்ற வரிக்கு மட்டும் தலையசைத்தார். முதுகுவலி அதனால்தான் என்றார்.

25 ஏப்ரல்

வண்டியின் சாய்வு எவ்வளவு என்று கேட்டவருக்கு: அதே 39-ஐ வைத்தால் வண்டி கிடைமட்டத்துக்கு மேலே சுமார் 20 பாகை உயர்ந்திருக்க வேண்டும். வண்டியும் ஆளும் சேர்ந்த நிறைமையம் சுவரிலிருந்து உள்ளே தள்ளி இருப்பதால் ஆரம் கொஞ்சம் குறையும், கோணமும் ஓரிரு பாகை மாறும். விளிம்பில் நின்று எடுத்த படங்கள் மூன்று மாணவர்களிடம் இருக்கின்றன. மூன்றும் வேறுவேறு இடத்திலிருந்து எடுத்தவை. எதில் கோணம் நேராகத் தெரிகிறது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை அளக்கிறோம், வந்த எண்ணை இங்கே போடுகிறேன்.